கூட்டாளிகள் முன்னால் பாடம் நடத்திப் பழகுவது எப்படி

ஆசிரியர் பயிற்சியில் பிராக்டிகும், அதாவது பள்ளிக்கூடத்தில் நேரடியாகப் பாடம் நடத்தும் பயிற்சிக்குப் போகுமுன், கூட்டாளிகளை உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பழகுங்கள் என்று விரிவுரைஞர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். சிக்கல் என்னவென்றால் கூட்டாளிகள் ரொம்ப நல்ல மாணவர்கள். கேட்டதும் கை தூக்குவார்கள், நாம் பாதியில் விட்ட விளக்கத்தை அவர்களே மனத்துக்குள் முடித்துக்கொள்வார்கள். இப்படிப் பத்துத் தடவை நடத்தினாலும் தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டு வகுப்பில் போய் நிற்கும்போது உதவாது.

விடுமுறைக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்திருந்தபோது நாங்கள் ஐந்து பேர், தோட்டத்தில் பூட்டிக் கிடந்த ஆயாக்கொட்டகையை (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட இடம்) கேட்டு வாங்கி, கதவில் மஹ்ஜோங் தாளை, அதாவது எழுதிக் காட்டும் பெரிய வெள்ளைத் தாளை, ஒட்டிப் பழகினோம். முதல் நாள் அரட்டையிலேயே போயிற்று, அதை விடுங்கள்.

முழுப் பாடத்தையும் எடுக்காதீர்கள். பாடத்தைத் தொடங்கிவைக்கும் பீடிகை மட்டும், அல்லது ஒரே ஒரு விளக்கம், பத்து நிமிடம் போதும். 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடனிருந்தவர்களும் தொடங்கிய நுண்கற்பித்தல் இதுதான்: சின்னக் குழு, ஒரே திறன், நடத்தி முடித்ததும் குறைநிறை கேட்டு அதையே திரும்ப நடத்துவது. அந்தத் திரும்ப நடத்துவதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் கூட்டாளி நடிக்கவேண்டிய ஒரு பிள்ளையை எழுதுங்கள். எல்லாச் சொல்லுக்கும் ‘கள்’ ஒட்டுகிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை “டீச்சர், தண்டாஸ்” என்று கழிப்பறைக்குப் போகக் கேட்டு எழுந்து நிற்கிற பிள்ளை. யாரிடம் எந்தச் சீட்டு என்பது நடத்துபவருக்குத் தெரியக் கூடாது.

நான் ஒருமை பன்மை எடுத்தேன். கல், கற்கள். பல், பற்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இருந்தவள், “டீச்சர், அப்போ கால் காற்களா?” என்றாள். கால்கள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. “அது அப்படித்தான்” என்று சொல்லிவிட்டேன், கொட்டகையே சிரித்தது. அன்று இரவுதான் இலக்கண நூலைத் திறந்தேன். தனிக்குறிலை அடுத்த ல்தான் ற் ஆகிறது, நெடிலை அடுத்தால் அப்படியே நிற்கிறது. மறுநாள் இதை விதியாகச் சொல்லாமல், கல்லையும் காலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எதை நீட்டிச் சொல்கிறோம் என்று கேட்டேன். சொல், வால் இரண்டையும் அவர்களே பிரித்துவிட்டார்கள்.

குறைநிறை சொல்லும்போது “நல்லா இருந்துச்சு” என்பதற்குத் தடை போடுங்கள். ஒருவர் நீங்கள் யார் யாரைக் கேட்டீர்கள் என்று குறிக்கட்டும், இன்னொருவர் நீங்கள் கேட்ட கேள்விகளை வார்த்தை மாறாமல் எழுதட்டும். என் பத்து நிமிடத்தில் “புரிகிறதா?” பதினான்கு தடவை வந்திருந்தது, ஒரு தடவைகூடப் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. பாடம் எப்படிப் போனது என்று நாமே எண்ணிப் பார்த்து எழுதும் சிந்தனை மீட்சியை அன்றே எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் எல்லாம் அழகாகிவிடும்.

மறுநாள் சீட்டுகளை மாற்றிப் போடுங்கள். நடுவில் மழை பிடித்தால் நிறுத்தாதீர்கள். தகரக் கூரைச் சத்தத்தில் கத்துவதா, எழுதிக் காட்டுவதா என்று அப்போதே பழகிக்கொள்ளலாம்.