பெரும் பேரடைகள் எத்தனை தடவை இணைகின்றன? லப்டொப்பில் கணக்கிடும் முறை

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படித்துக்கொண்டு இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்களுக்கு, தொலைநோக்கியைத் தொடாமலே செய்யக்கூடிய வேலை இது. 8 ஜிபி ராம் உள்ள ஒரு லப்டொப், பைதான், தரவிறக்க இணையம், இவ்வளவுதான் மூலதனம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்கு இதிலுள்ள கணக்கு எதுவும் புதிதல்ல. தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் வரைவிலக்கணங்களில்தான் இருக்கின்றன. அவற்றையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

கேள்வி இதுதான்: ஒரு பெரும் விண்மீன் பேரடை, ஒரு பில்லியன் ஆண்டில் சராசரியாக எத்தனை தடவை தனக்கு நிகரான இன்னொரு பேரடையோடு இணைகிறது? அண்டத்தின் வயதோடு அந்த எண் எப்படி மாறியது? ஓர் இணைவு நடந்து முடியப் பல நூறு மில்லியன் ஆண்டுகள் செல்லும் என்பதால் இருந்து பார்க்க வழியில்லை. எனவே இணையப்போகும் சோடிகளை எண்ணி, ஒரு சோடி அந்த நிலையில் தென்படும் காலத்தால் வகுக்கிறோம். எண்ணுவது இலகு. வகுக்கும் காலம்தான் விடையைப் பல மடங்கு ஆட்டிவிடும்.

தொடங்குமுன் ஒரு கைக்கணக்கைச் செய்து பாருங்கள். 1977 இல் வானியலாளர் அலர் டூம்ரே, அப்போது பட்டியலில் இருந்த ஏறத்தாழ 4000 பேரடைகளில், நீண்ட வால்களோடு இணைந்துகொண்டிருக்கும் 11 சோடிகளைத் தெரிந்தெடுத்தார். ஒரு சோடி 0.5 பில்லியன் ஆண்டு அப்படித் தென்படும் என்று வையுங்கள். 10 பில்லியன் ஆண்டில் அத்தகைய தவணைகள் 20 வரும். 11 ஐ 20 ஆல் பெருக்க 220 இணைவுகள். முற்காலத்தில் இணைவுகள் கூடுதலாக நடந்தன என்பதையும் சேர்த்தபோது அவருக்கு ஏறத்தாழ 750 கிடைத்தது. இன்று செய்யப்படுவதும் இதே வகுத்தல்தான்; மாதிரி பெரிது, வழுக்கள் தெளிவு, அவ்வளவுதான். (அந்த 11 இல் ஒன்றான அன்டெனா பேரடைகள், அத்த நட்சத்திரம் இருக்கும் காகக் குழுவில் உள்ளன. கல்லடிக் கடற்கரையிலிருந்து சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே ஏறத்தாழ 63 பாகை உயரம் வரை ஏறும். வெறுங்கண்ணுக்குப் படாது.)

முதலில் எழுத்தில் வைக்க வேண்டியவை

நிரல் எழுதுமுன் ஒரு தாளில் நான்கு எண்களைக் குறித்துவிடுங்கள். முதலாவது, முதன்மைப் பேரடையின் (சோடியில் திணிவு கூடியது; மற்றது துணை) விண்மீன் திணிவு எல்லை; பெரும் பேரடை என்றால் சூரியத் திணிவின் 10¹¹ மடங்குக்கு மேல் என்று வைப்பது வழக்கம். இரண்டாவது, திணிவு விகிதம்: 1:4 அல்லது அதைவிட நிகரானது பேரிணைவு, 1:4 முதல் 1:10 வரை சிற்றிணைவு. மூன்றாவது, வானில் தெரியும் இடைவெளி, உதாரணமாக 5 முதல் 30 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஏறத்தாழ 3260 ஒளியாண்டு). நான்காவது, பார்வைக் கோட்டு வேக வித்தியாசம், பொதுவாகச் செக்கனுக்கு 500 கிலோமீற்றருக்குள்.

இடைவெளி எல்லையை ஒரு ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்தால், அது ஹபிள் மாறிலியை (அண்டம் விரியும் வேகத்தின் அளவு) 100 என்று வைத்து எழுதிய அலகா என்று பாருங்கள். அப்படியானால் 20 என்று அச்சிட்டிருப்பது, ஹபிள் மாறிலி 70 எனும்போது 28.6 கிலோபார்செக். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டால் இல்லாத முரண்பாடு ஒன்று முளைக்கும்.

அடுத்த பொறி திணிவு எல்லையில் இருக்கிறது. மாணவர் ஆய்வுகளில் அதிகம் பிழைப்பது இங்கேதான். முதன்மை 10¹¹ என்றால், 1:4 விகிதத்துத் துணை 2.5×10¹⁰ வரை இறங்கும். மடக்கையில் சொன்னால் 11.0 இலிருந்து 10.4 க்கு. ஆகவே உங்கள் பட்டியல் 10.4 வரை முழுமையாக இருக்கவேண்டும், 11.0 வரை முழுமை என்பது போதாது. மங்கலான துணைகள் பட்டியலில் விடுபட்டால், தூரம் கூடக்கூடச் சோடிகள் குறையும். அண்டத்தின் கதை என்று நீங்கள் எழுதுவது கமராவின் கதையாகிவிடும். திணிவைச் செம்பெயர்ச்சிக்கு (பேரடையின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு; அது கூடினால் தூரமும் கூட, காலமும் முந்தியது) எதிராக வரைந்து, எந்த இடத்தில் கீழ்விளிம்பு 10.4 ஐத் தாண்டி மேலேறுகிறதோ அதற்கு அப்பால் வெட்டிவிடுங்கள். வெட்ட மனமில்லாவிட்டால் முதன்மையின் எல்லையை 0.6 கூட்டுங்கள்.

எந்தத் தரவு

அண்மைப் பேரடைகளுக்கு ஸ்லோன் வான் அளவீடு. நிறமாலை எடுக்கப்பட்ட அதன் முதன்மை மாதிரி, சிவப்புப் பட்டையில் 17.77 பருமன் (பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) வரை செல்கிறது. காஸ்ஜாப்ஸ் என்ற இணையச் சேவையில் இலவசக் கணக்கைத் திறந்து, தேவையான அட்டவணை நிரல்களை மட்டும் கேட்டு எடுக்கலாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பேரடையின் ஒளியையும் நிறமாலைமானிக்குக் கொண்டுசெல்லும் ஒளிநார் ஒரு தட்டில் செருகப்படும்; ஒரே தட்டில் 55 வில்செக்கனைவிட (ஒரு வில்செக்கன் பாகையின் 3600 இல் ஒரு பங்கு) நெருக்கமாக இரண்டு ஒளிநார்களைப் பொருத்த முடியாது. செம்பெயர்ச்சி 0.1 இல் 30 கிலோபார்செக் என்பது ஏறத்தாழ 16 வில்செக்கன். ஆகவே நாம் தேடும் சோடிகளே திட்டமிட்டாற்போல் விடுபடுகின்றன. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகளில்தான் இருவருக்கும் நிறமாலை கிடைத்திருக்கும். திருத்தம்: படத்தரவில் 17.77 க்குள் இருக்கும் எல்லாச் சோடிகளையும் இடைவெளி வாரியாக எண்ணுங்கள். அவற்றில் இரண்டுக்கும் நிறமாலை உள்ளவை எத்தனை பங்கு என்று பாருங்கள். அந்தப் பின்னத்தின் நேர்மாறே, ஒவ்வொரு சோடியையும் எண்ணும்போது பெருக்கவேண்டிய நிறை.

இந்தத் தலையிடி வேண்டாமென்றால் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கியில் எடுக்கப்பட்ட காமா அளவீடு நல்லது. ஒரே இடத்துக்குத் திரும்பத்திரும்பப் போய் 19.8 பருமன் வரை அனேகமாக எல்லாவற்றுக்கும் நிறமாலை எடுத்தார்கள். பரப்பு சிறிது, ஆனால் நெருங்கிய சோடிகளுக்கு ஸ்லோனைவிட நாங்கள் இதையே சொல்வோம்.

தூரத்துக் காலத்துக்கு கொஸ்மொஸ் புலம். இது மகம் நட்சத்திரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 10 பாகையில், நீட்டிய கையின் முஷ்டி ஒன்றின் அகலத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் மட்டக்களப்பில் உச்சிக்கு ஆறு பாகைக்குள் வந்து நிற்கும் 2 சதுரப்பாகைத் துண்டு. கொஸ்மொஸ் 2020 பட்டியலில் 17 இலட்சம் அளவில் பொருட்கள் உள்ளன. இரண்டு பதிப்புகளில், ஃபார்மர் என்ற பதிப்பை எடுங்கள். அது ஒவ்வொரு பேரடைக்கும் ஒளிவடிவம் பொருத்தி அளப்பதால் ஒட்டிக்கிடக்கும் சோடிகளைப் பிரிப்பதில் மேல். கோப்பு பெரிது, இரவு டேட்டாவில் இறக்குங்கள். பிறகு டாப்காட் மென்பொருளில் திறந்து, இருப்பிடம், செம்பெயர்ச்சி, திணிவு, தரக் கொடி ஆகிய அட்டவணை நிரல்களை மட்டும் வைத்துச் சிறிய கோப்பாகச் சேமியுங்கள். கொடி 0 அல்லாதவை பிரகாசமான விண்மீன்களின் அருகே கெட்டுப்போன பகுதிகள், நீக்கிவிடுங்கள்.

சோடி தேடல்

பைதானில் அஸ்ட்ரோபை நூலகம் போதும். ஹபிள் மாறிலி 70, பொருள் அடர்த்தி 0.3 என்ற தட்டையான அண்டத்தை வையுங்கள். ஒரு வில்செக்கனுக்கு, செம்பெயர்ச்சி 0.1 இல் 1.84 கிலோபார்செக், 0.5 இல் 6.1, 1 இல் 8.0, 2 இல் 8.4 என்று வரவேண்டும். வராவிட்டால் அலகு எங்கோ பிழை.

ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் இடையே தூர அட்டவணை போடாதீர்கள். 1 இலட்சம் பேரடைகளுக்கு அது 10¹⁰ கலங்கள், 80 ஜிபி, லப்டொப் உறைந்துவிடும். வானில் அருகே தேடும் ஸேர்ச் அரவுண்ட் ஸ்கை என்ற செயற்பாட்டை, உங்கள் மிகக் குறைந்த செம்பெயர்ச்சியில் 30 கிலோபார்செக்குக்குச் சமமான கோணத்தோடு ஓட்டுங்கள். கிடைக்கும் பட்டியலில் மட்டும் இடைவெளி, திணிவு விகிதம், வேகம் மூன்றையும் சோதியுங்கள். ஒரு பேரடை தன்னையே துணையாகக் காட்டும். ஒவ்வொரு சோடியும் இரு திசையிலும் இரு தடவை வரும். திணிவு கூடியதை முதன்மையாக வைத்து மற்றதை நீக்குங்கள். சோடிகளின் எண்ணிக்கையா, சோடியில் இருக்கும் பேரடைகளின் எண்ணிக்கையா என்று அறிக்கையில் எழுதாவிட்டால் வாசிப்பவர் 2 ஆல் பிழைவிடுவார்.

வேக வித்தியாசம் என்பது செம்பெயர்ச்சி வித்தியாசத்தை ஒளிவேகத்தால் பெருக்கி, 1 உடன் செம்பெயர்ச்சியைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தது. அந்த வகுத்தலை மறப்பவர்கள் பலர். செம்பெயர்ச்சி 1 இல் அது இரண்டு மடங்குப் பிழை.

உள் எல்லை 5 கிலோபார்செக் எதற்கு? அதற்குள் மென்பொருள் இரண்டு பேரடைகளை ஒன்றாக ஒட்டிவிடும், அல்லது ஒரு சுருள் கையின் பிரகாசமான முடிச்சைத் தனிப் பேரடை என்று காட்டும். செம்பெயர்ச்சி 1 இல் 5 கிலோபார்செக் வெறும் 0.6 வில்செக்கன், தரையிலிருந்து எடுத்த படத்தில் அது பிரியாது. அங்கே 10 இலிருந்து தொடங்குவதே பத்திரம். கிடைத்த சோடிகளில் ஐம்பதையாவது படத்தில் கண்ணால் பாருங்கள். எந்த வரைபும் காட்டாத பிழைகள் அப்போது தெரியும்.

பொய்ச்சோடிகள்

கொஸ்மொஸில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை இல்லை. செம்பெயர்ச்சி பட நிறங்களிலிருந்து மதிப்பிடப்பட்டது. வழு 0.01 அளவில், 1 உடன் செம்பெயர்ச்சியைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்கியது. இது செக்கனுக்கு 3000 கிலோமீற்றருக்குச் சமம். செம்பெயர்ச்சி 1 இல், ஆழத்தில் 49 மெகாபார்செக், அதாவது 49,000 கிலோபார்செக். 30 கிலோபார்செக் தேடுகிறவருக்கு இது பெருங்கடல். ஆடி அமாவாசையில் மாமாங்கக் கோயில் கூட்டத்தைப் படம் எடுத்தால் அடுத்தடுத்துத் தெரியும் இரு தலைகள் ஒன்றாக வந்தவர்கள் என்று சொல்ல முடியாதல்லவா? இங்கும் அதே நிலைதான். தனிச் சோடியை நம்ப முடியாது. மொத்தத்திலிருந்து தற்செயலைக் கழிக்க முடியும்.

கழிப்பது இப்படி. செம்பெயர்ச்சி 1 இல் 5–30 கிலோபார்செக் வளையம், 0.62 முதல் 3.75 வில்செக்கன், பரப்பு ஏறத்தாழ 43 சதுர வில்செக்கன். அதே செம்பெயர்ச்சித் துண்டிலும் திணிவு வரம்பிலும் சதுர வில்நிமிடத்துக்கு ஒரு பேரடை இருப்பதாக வையுங்கள். 43 ஐ 3600 ஆல் வகுக்க 0.012. அதாவது 1000 முதன்மைகளுக்கு 12 பொய்ச்சோடிகள். நீங்கள் 40 சோடி எண்ணியிருந்தால் உண்மையானவை 28. இதைச் சூத்திரத்தால் மட்டும் செய்யாமல், நீக்கிய பகுதிகளை விட்டு முதன்மைகளின் இடங்களைத் தற்செயலாக மாற்றி அதே நிரலை நூறு தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். மூலைகளும் விளிம்புகளும் தாமாகவே கணக்கில் சேர்ந்துவிடும்.

கொஸ்மொஸின் இன்னொரு குணம்: செம்பெயர்ச்சி 0.73 ஐச் சுற்றி ஒரு பெரிய நெரிசல் இருக்கிறது. அங்கே உங்கள் வரைபு ஒரு மேடு காட்டினால் அண்டத்தின் பரிணாமம் என்று எழுதிவிடாதீர்கள்.

சோடியிலிருந்து வீதத்துக்கு

சோடிப் பின்னத்தை, உண்மையில் இணையும் பங்கால் பெருக்கி, தென்படும் காலத்தால் வகுக்க வீதம் வரும். கணக்குக்காக: 1200 முதன்மைகள், திருத்தியபின் 36 சோடிகள், பின்னம் 0.03. இணையும் பங்கு 0.6, காலம் 0.5 பில்லியன் ஆண்டு என்றால் வீதம் பில்லியன் ஆண்டுக்கு 0.036. எண்ணிக்கையின் வழு 36 இன் வர்க்கமூலம், அதாவது 6; இது 17 சதவீதம். காலத்தை 1 பில்லியன் என்று வைத்தாலோ விடை பாதியாகும். மேலும் ஓராயிரம் பேரடைகளைச் சேர்ப்பதால் இந்த நிச்சயமின்மை குறையாது.

அந்தக் காலம் கணினி உருவகங்களிலிருந்து வருகிறது. எதை எடுத்தாலும் அது உங்கள் இடைவெளி, வேக எல்லைகளுக்கே கணிக்கப்பட்டதா என்று பாருங்கள். கிட்ஸ்பிக்லரும் வைட்டும் 2008 இல் தந்த காலத்தில், இணையாமல் போகும் சோடிகள் ஏற்கெனவே சராசரியில் அடக்கம். அதோடு 0.6 ஐயும் பெருக்கினால் ஒரே திருத்தம் இரு தடவை. இன்னொன்று, காலம் நிலையானதா? முற்காலத்தில் இணைவு விரைவாக நடந்தது என்று 2017 இல் வெளியான இலஸ்ட்ரிஸ் உருவக ஆய்வு ஒன்று காட்டியது. அதன்படி காலம், 1 உடன் செம்பெயர்ச்சியைக் கூட்டி வரும் எண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. அப்படியானால் செம்பெயர்ச்சி 1 இலும் 2 இலும் ஒரே சோடிப் பின்னம் கிடைத்தாலும், வீதம் 2.25 மடங்கு கூடியிருக்கிறது. ஆகவே சோடிப் பின்னத்தையும் வீதத்தையும் தனித்தனி வரைபுகளாகப் போடுங்கள். முதலாவது நீங்கள் அளந்தது; இரண்டாவது பாதி கடன் வாங்கியது.

விடையை எதோடு ஒப்பிடுவது

அண்மை அண்டத்தில் சில சதவீதமாக இருக்கும் பேரிணைவுச் சோடிப் பின்னம், செம்பெயர்ச்சி 1 வரை ஏறுகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. அதற்கப்பால்தான் பிரச்சினை: சிலர் தொடர்ந்து ஏறுகிறது என்றார்கள், சிலர் இறங்குகிறது என்றார்கள். 2016 இல் மான் குழுவினர் காரணத்தைக் காட்டினார்கள். துணையை ஒளி விகிதத்தால் தெரிந்தால் ஏறும். திணிவு விகிதத்தால் தெரிந்தால் அந்த ஏற்றம் தணிந்துவிடும். முற்காலத்தில் வாயு நிறைந்த சிறிய துணைகள் புது விண்மீன்களால் தம் திணிவுக்கு மீறிப் பிரகாசித்ததால், ஒளியில் 1:4 என்று தெரிந்தவற்றில் பல திணிவில் 1:10 ஆக இருந்தன.

மிகப் பிரகாசமான சிவப்புப் பேரடைகளை மட்டும் எடுத்தால் எண் வெகுவாக விழும். ஸ்லோனில் அவை தமக்குள் இணையும் வீதம் பில்லியன் ஆண்டுக்கு 1/160 ஐவிடக் குறைவு என்று 2006 இல் மஸ்ஜெதி குழுவினர் கண்டார்கள். உங்கள் 0.036 அதோடு முரண்படுகிறது என்று பதற வேண்டாம். துணையும் முதன்மையைப் போலவே அரிதான பெரும் பேரடையாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை, உங்களுடையது நாலில் ஒரு பங்கு வரை இறங்குகிறது. உங்கள் நிரலில் துணையின் எல்லையையும் 10¹¹ ஆக்கி ஒரு தடவை, ஒளி விகிதத்தால் ஒரு தடவை, திணிவு விகிதத்தால் ஒரு தடவை ஓட்டி, மூன்று விடைகளையும் ஒரே அட்டவணையில் போடுங்கள். அட்டவணையின் தலைப்பில் அந்த நான்கு எல்லைகளையும் எழுத மறவாதீர்கள்.