பலாலி வழியாக ஊருக்கு: கவனம் சென்னையில் இருக்கட்டும்

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குச் சீட்டு எடுக்கும் பலர் யாழ்ப்பாணத்தில் இறங்கிய பிறகு என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். பலாலியில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. சின்ன முனையம், நாளுக்கு ஒன்றிரண்டு வெளிநாட்டு விமானம், வரிசையும் குறுகியது. பயணம் குழம்புவது பெரும்பாலும் அதற்கு முன்னால், சென்னையில்தான். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ தனித்தனிச் சீட்டுகளில் வருபவருக்குச் சென்னை வெறும் விமானம் மாறும் இடம் அல்ல. அங்கே அவர் இந்தியாவுக்குள் முறைப்படி நுழைந்து, பிறகு அங்கிருந்து வெளியேறுகிறார். இதை மனதில் வைத்துத் திட்டமிட்டால் மற்றவை தானாகச் சரியாகும்.

முதலில் இன்றைய சேவையைச் சொல்லிவிடுகிறோம். 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நேர அட்டவணை ஆண்டுக்கு இரு தடவை, மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும், மாறுவது வழக்கம். டிசெம்பர் பயணத்துக்கு ஜூனில் பார்த்த நேரத்தை நம்பி மற்றச் சீட்டை எடுக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருபவர்களுக்குத் திருச்சிதான் வசதி. இரு நகரங்களிலிருந்தும் அங்கே நேரடி விமானங்கள் உண்டு, நிலையமும் சென்னையைவிடச் சிறியது.

இனி விசா. நீண்ட தூரச் சீட்டையும் யாழ்ப்பாணச் சீட்டையும் தனித்தனியே வாங்கியிருந்தால், சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம். திரும்பும்போதும் அதே வழி என்பதால் ஒரு தடவை மட்டும் நுழையும் விசா போதாது. சுற்றுலா இ-விசாவில் 30 நாள் வகை இரண்டு தடவை நுழைய விடும், ஓராண்டு வகை பல தடவை விடும். ஊரில் நாலு கிழமைக்கு மேல் நிற்பவர்கள் ஓராண்டு விசாவை எடுப்பதே நல்லது. அகதிகளுக்கான பயண ஆவணத்தில் வருபவர்களுக்கு இ-விசா கிடையாது, அவர்கள் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலைய வழியைப் பார்க்க வேண்டும்.

இலங்கைக்கு ஈ.டி.ஏ. எனும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே எடுத்து, அச்சிட்டுக் கையில் வையுங்கள். சென்னை செக்-இன் மேசையிலேயே அதைக் கேட்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று எடுத்துவிட்டு வந்து நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. வெளிநாட்டில் பிறந்த கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் ஈ.டி.ஏ. தேவையில்லை. ஆனால் இந்திய விசா எந்தக் கடவுச்சீட்டில் இருக்கிறதோ அதைத்தான் இந்தியக் குடிவரவில் நீட்ட வேண்டும். இரண்டையும் கைப்பையில் வையுங்கள். ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் மேசைக்கு முன்னால் நின்று பெட்டியை அவிழ்க்க நேரும்.

ஒரே சீட்டில் பலாலி வரை பதிவு செய்தவர்களும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். புறப்படும் நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீளக் காகிதப் பட்டியைப் பாருங்கள். அதில் கடைசி ஊர்க்குறியீடாகப் பெரிய எழுத்தில் ‘ஜே.ஏ.எஃப்’ என்றிருந்தால் பெட்டி யாழ்ப்பாணம் வரை போகும். ‘எம்.ஏ.ஏ’ என்று முடிந்தால் சென்னையில் பட்டையில் சுற்றிக்கொண்டு நிற்கும், நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும். பட்டியைச் சுற்றிய அந்த நிமிடத்திலேயே கேட்டால் மாற்றிவிடலாம். பிறகு கேட்டுப் பயனில்லை.

சென்னையில் இரண்டு விமானங்களுக்கும் இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். குடிவரவு, பெட்டி, சுங்கம், வெளியே வருதல், மறுபடி உள்ளே போதல் என்று ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். புறப்பாட்டு வாசலில் நிற்கும் பாதுகாப்புப் படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான், அதனால் சீட்டின் அச்சுப்பிரதி அவசியம்.

அடுத்தது எடை, சண்டைகள் அதிகம் வரும் இடம். கனடாவிலிருந்து 23 கிலோப் பெட்டி இரண்டோடு வருபவர், யாழ்ப்பாண விமானத்தில் அதில் பாதிகூட இலவசமாகக் கிடைக்காது என்பதைத் தராசில் வைத்த பிறகுதான் அறிகிறார். சீட்டு எடுக்கும்போதே மேலதிகக் கிலோவை இணையத்தில் வாங்கினால் மேசையில் கட்டுவதைவிட மலிவு. காரணம் விமானத்தின் அளவு. இந்தப் பாதையில் ஓடுவது 78 இருக்கை கொண்ட ஏடிஆர் 72, உந்துவிசிறி விமானம். தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது, சக்கரம் வைத்த கைப்பெட்டி பலவற்றுக்கு அதில் இடமில்லை. ஏறும் இடத்தில் அதை வாங்கிக் கீழே போட்டால், மருந்தும் நகையும் கடவுச்சீட்டும் அதோடு போய்விடக் கூடாது. அவற்றைத் தோளில் மாட்டும் சிறு பையில் வையுங்கள். நிரம்பிய விமானத்தில் எடை மிஞ்சினால் சில பெட்டிகள் அடுத்த விமானத்துக்கு நிற்கும். முதல் இரண்டு நாளுக்கான உடுப்பும் அந்தச் சிறு பையில் இருக்கட்டும்.

இந்தியச் சுங்கத்தைக் கடப்பதால் இன்னும் சில. டிரோன் கொண்டுவராதீர்கள், இந்தியாவுக்குள் அதை இறக்குமதி செய்யத் தடை உண்டு, பறிபோகும். காசுத்தாளாக 5,000 அமெரிக்க டொலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும். திரும்பும்போது அம்மா இடித்துத் தரும் மிளகாய்த்தூள் கைப்பையில் வந்தால் சென்னைச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அது பெரிய பெட்டிக்குள், இரண்டு உறை போட்டு ஒட்டியபடி போகட்டும். கொப்பரா, அதாவது உலர்ந்த தேங்காய், எண்ணெய்ச் சத்து மிகுந்து தீப்பற்றக் கூடியது என்பதால் பெரிய பெட்டியிலும் அனுமதி இல்லை.

மாரி காலத்தில் கூடுதல் அவதானம் தேவை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையமே பல மணி நேரம் மூடிக் கிடந்தது. நவம்பர், டிசெம்பரில் திரும்புபவர்கள், நீண்ட தூர விமானத்துக்கு முதல் நாளே சென்னைக்கு வந்துவிடுவது நல்லது. தனித்தனிச் சீட்டென்றால், பலாலி விமானம் ரத்தானதால் தவறிய அடுத்த விமானத்துக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது.

பலாலி நிலையத்தின் கதையைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது என்று நினைக்கிறோம், ஏனெனில் இன்றைய கட்டுப்பாடுகள் பலவற்றுக்கும் அதில்தான் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை இது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து கிளம்பி இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. அந்தக் காலத்தில் இதைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றே சொல்வார்கள். போர் வந்ததும் இடம் படைத்தளமானது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, சுற்றியுள்ள ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, அடுத்த மாதம் அலையன்ஸ் எயார் வழமையான சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2020இல் கொரோனாவால் நின்ற அந்தச் சேவை 2022 டிசெம்பர் 12 அன்றுதான் மீண்டது.

இன்றும் இது விமானப்படைத் தளத்துக்குள் இருக்கும் நிலையம். விமானத்தின் யன்னலிலிருந்தும் ஓடுபாதை ஓரத்திலும் படம் பிடிக்காதீர்கள். இறங்கும்போது செம்மண் தோட்டங்களுக்கு நடுவே கூரையில்லாத சுவர்களும் பற்றை மூடிய காணிகளும் தெரியும். அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் உங்களோடு அதே விமானத்தில் இருக்கக்கூடும்.

வெளியே வர ஓட்டோவை நம்பாமல், முன்பு இங்கே வந்து பழகிய சாரதியின் வானை ஒழுங்கு செய்யுங்கள். யாழ் நகருக்குச் சுமார் 16 கிலோமீற்றர், அரை மணிக்கு மேல் ஆகும். வசாவிளானிலிருந்து பலாலி வரையான வீதித் துண்டு 2025 ஏப்ரலில்தான் மக்களுக்குத் திறந்தது. பகலில் மட்டும் போகலாம், இடையில் நிறுத்தவும் இறங்கவும் கூடாது என்ற நிபந்தனைகளோடு திறந்தார்கள். கூட்டிச் செல்ல வரும் உறவினருக்கு இதைச் சொல்லி வையுங்கள், ஊரைக் காட்டுகிறேன் என்று அன்பாக வண்டியை நிறுத்திவிடுவார்கள். நிலையத்தில் காசு மாற்றலாம் என்று எண்ணாமல், முதல் நாள் செலவுக்கு இலங்கை ரூபாயைக் கூட்டிச் செல்ல வருபவரிடமே கொண்டுவரச் சொல்லுங்கள். கைப்பேசி அட்டையை மறுநாள் நகரில், கடவுச்சீட்டோடு போய் வாங்கலாம்.