ஆட்டம் நடுவில் ரூல் தேட வேண்டி வந்தால்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் டி அண்ட் டி ஆடுகிறோம், அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. நான்தான் டி.எம்., கதையை நடத்தி ரூலுக்குத் தீர்ப்புச் சொல்கிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளில்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார முடிகிறது. அப்படிக் கிடைக்கிற ஒரு சாயங்காலத்தில் இருபத்தைந்து நிமிஷம் ரூல் தேடியே போனால் வயிறு எரியும். எங்களுக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆனது: ஒருத்தன் கொள்ளைக்காரனைக் கட்டிப்பிடித்து அமுக்கப் பார்த்தான், அதாவது கிராப்பிள், இரண்டு பேர் போனில் தேடி இரண்டு விடை சொன்னார்கள், இரண்டுமே சரியான விடை. ரூல் புத்தகத்துக்கு 2014, 2024 என்று இரண்டு பதிப்பு உண்டு: 2014 புத்தகத்தில் பிடிக்கிறவரும் பிடிபடுகிறவரும் பகடை ரோல் போட்டு ஒப்பிட வேண்டும், 2024 புத்தகத்தில் பிடிபடுகிறவர் மட்டும் சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்கிற ரோல், போட்டால் போதும்.

அதனால் முதல் செஷனிலேயே எந்த வருஷத்துப் புத்தகம் என்று முடிவு செய்துவிடுங்கள். போனில் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும்.

அடுத்தது, டி.எம். தேடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். டி.எம். புத்தகத்துக்குள் தலையை விட்டால் கதை நின்றுவிடும், மற்றவர்கள் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் அவர்களைத் திரும்ப இழுத்து வருவது பெரும்பாடு. டர்ன் இப்போதுதான் முடிந்த ஆளிடம் தேடச் சொல்லுங்கள், அவருக்கு அடுத்த டர்ன் வர நேரம் இருக்கிறது. இரண்டு நிமிஷம் கொடுங்கள். அதற்குள் மற்றவர்களின் டர்ன் ஓடட்டும்.

இரண்டு நிமிஷத்தில் கிடைக்கவில்லையா, நீங்களே ஒரு முடிவு சொல்லிவிட்டு நகருங்கள். முயற்சி சுலபம் என்றால் டிசி (ரோலில் எட்ட வேண்டிய எண்) 10, நடுத்தரம் என்றால் 15, கஷ்டம் என்றால் 20. சூழ்நிலை கேரக்டருக்குச் சாதகமா, டி20 என்கிற இருபது பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கட்டும், பாதகமா, சின்ன எண்ணை. பெரும்பாலான சிக்கலுக்கு இதுவே போதும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஆடுகிறவர் பக்கமே சாயுங்கள், "இது இன்றைக்கு மட்டும், வீட்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

ஆனால் ஒரு கேரக்டரின் உயிர் போகப் போகிறது என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தேடுங்கள், பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை. எங்கள் கதையில் மூழ்கிப் போன ஒரு கப்பலுக்குள் சண்டை நடந்தது. மூச்சு மூன்று ரவுண்டு (எல்லோரும் ஒரு டர்ன் ஆடி முடித்தால் ஒரு ரவுண்டு) தாங்கும் என்று நான் ஞாபகத்திலிருந்து சொல்லிவிட்டேன், ஒருத்தியின் கேரக்டர் சாகிற நிலைக்கு வந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தால் எங்கள் 2014 ரூலில் அது நிமிஷக் கணக்கு: ஒன்றோடு கேரக்டரின் உடல் உறுதியைக் காட்டுகிற கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையரைக் கூட்ட வேண்டும், அவளுக்கு +2, ஆக மூன்று நிமிஷம். கதைக்குள் ஒரு ரவுண்டு ஆறு செகண்ட்தான், அப்படியென்றால் முப்பது ரவுண்டு! இரண்டு வருஷம் வளர்த்த கேரக்டர் என் ஞாபகப் பிசகால் போயிருக்கும்.

அதற்கு அப்புறம் வேறொரு பேச்சு வந்தது. அந்தக் கேரக்டரை ஆடுகிறவளின் அம்மா சின்னப்பாலத்துப் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகிறவர். "அண்ணே, சும்மா கிடந்தா வேணா மூணு நிமிஷம் வரும், கையைக் காலை ஆட்டி வேலை பார்த்தா நிக்கவே நிக்காது" என்றாள். தனக்குச் சாதகமான ரூலையே அவள் மறுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தச் சண்டையைப் புத்தகப்படியே முடித்தோம், செஷன் முடிந்து டீ குடிக்கும்போது பேசி, இனிமேல் தண்ணீருக்குள் சண்டை போட்டால் மூச்சு பாதி நேரம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். இந்த மாதிரிப் பேச்சு செஷனுக்கு அப்புறம்தான் நடக்க வேண்டும், நடுவில் ஆரம்பித்தால் முடியாது.

முடிவானதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த செஷன் தொடங்கும்போது, போன தடவை அவசரத்துக்குச் சொன்னது சரியா தப்பா என்று அதிலிருந்து வாசியுங்கள். தப்பென்றால் திருத்தம் அன்றிலிருந்துதான், நடந்து முடிந்த சண்டையை மாற்ற வேண்டாம்.

செஷனுக்கு முந்தின நாள், வரப்போகிற இடத்துக்கு என்ன ரூல் வேண்டியிருக்கும் என்று யோசித்து ஒரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடல் கதை என்றால் நீருக்கடியில் ஈட்டி, குத்துவாளுக்குத் தடையில்லை, கேரக்டர் தாளில் நீச்சல் வேகம் என்று தனியாக இல்லாதவர் பெரிய வாள் வீசினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்), முழுக்க மூழ்கியிருப்பவருக்கு நெருப்பால் பாதி அடிதான், இந்த மாதிரி. 2014 ரூல்களின் அடிப்படைத் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முன்கூட்டியே டவுன்லோட் செய்து வேண்டிய பக்கங்களை பிரிண்ட் எடுத்து வையுங்கள், சிக்னலை நம்ப வேண்டியதில்லை. மாடியில் ஆடினால் தாள் மேல் ஒரு சங்கையோ கல்லையோ வையுங்கள், சோளகக் காற்று அடிக்கிற மாசம் அது.