மோஷன் பாடத்துல பிள்ளைங்க மாட்டிக்கிற இடங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) எழுதுற பிள்ளைங்களுக்கு ஃபிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன், பாதிப் பேரு சுத்துப்பட்டுத் தோட்டத்துலேர்ந்து வர்றவங்க. ஃபார்முலா கேட்டா கடகடன்னு ஒப்பிப்பாங்க, கேள்விய கொஞ்சம் திருப்பிப் போட்டா அவ்வளோதான். வேகமும், அந்த வேகம் மாறுறதும், அதாவது எக்ஸெலரேஷனும், ஒண்ணுன்னு நெனச்சிக்கிறதாலதான் முக்காவாசி மார்க் போகுது.

பந்த நேரா மேல எறியுறோம், உச்சிக்குப் போனதும் எக்ஸெலரேஷன் எவ்வளோன்னு கேட்டா கிளாஸே சேந்து "ஜீரோ டீச்சர்"ங்கும். இல்லப்பா, அங்க வேகம்தான் ஜீரோ. எக்ஸெலரேஷன் அப்பவும் கீழ்நோக்கி, ஒவ்வொரு செகண்டுக்கும் 9.81 மீட்டர் பர் செகண்ட் தான், அதுவும் ஜீரோன்னா வேகம் மாறவே மாறாது, பந்து அங்கயே தொங்கிட்டு இருக்கணும்ல? செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல எறிஞ்சதா வச்சி, 9.81-அ 10-ன்னே எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு செகண்டு வேகத்தையும் எழுதிப் பாருங்க: 20, 10, 0, -10, -20. ஏறும்போதும் உச்சியிலயும் எறங்கும்போதும் அதே 10 தான் கழியுது. மேல பிளஸ்னு ஆரம்பிச்சா கணக்கு முடியிற வரைக்கும் மேல பிளஸ்தான், பந்து எறங்குதேன்னு நடுவுல குறிய மாத்தாதீங்க, இந்த ஒண்ணுலயே நல்லா படிக்கிற பிள்ளைங்களும் கோட்டை விடுதுங்க.

அடுத்தது லோரி. செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏத்திக்கிட்டு நேரான ரோட்டுல மணிக்கு 60 கிலோமீட்டர்லயே சீரா போற லோரி மேல நெட் ஃபோர்ஸ், அதாவது எல்லா விசையையும் கூட்டிக் கழிச்சி மிஞ்சுறது, எவ்வளோ? ஜீரோ! முன்னால தள்ளுறதும் காத்தும் உராய்வும் பின்னால இழுக்கிறதும் சரிக்குச் சரி. ஓடுறதுக்கே ஃபோர்ஸ் வேணும்னு அரிஸ்டாட்டில் காலத்துலேர்ந்து நம்புனாங்க, கலிலியோ வந்து அத ஆட்டி, நியூட்டன் 1687-ல விதியா எழுதித்தான் அது தீந்துச்சு, அதனால பிள்ளைங்களுக்கு ஒடனே புரியலன்னா திட்டாதீங்க. டிரைவர் திடீர்னு பிரேக் அடிச்சா குலை முன்னால உருண்டு வருதே, அத யாரும் தள்ளல, அது பழைய வேகத்துலயே போகப் பாக்குது, அவ்வளோதான்.

கனமானது சீக்கிரம் விழும்ங்கிறத தோட்டத்துப் பிள்ளைங்ககிட்டேர்ந்து பிடுங்குறது ரொம்பக் கஷ்டம். குலையும் மட்டையும் விழுறத கண்ணால பாத்தவங்க அவங்க. மட்டை லேட்டா எறங்கறது காத்து தடுக்கிறதால. காத்தே இல்லாத நிலாவுல 1971-ல அப்போலோ 15-ல போன டேவிட் ஸ்காட் சுத்தியலையும் எறகையும் ஒண்ணா விட்டாரு, ரெண்டும் ஒண்ணாத்தான் தரையத் தொட்டுச்சு. 10 மீட்டர் ஒசரத்துலேர்ந்து விழுற குலைக்கு கணக்கு போட்டா சுமார் 1.4 செகண்டுல மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல தரைக்கு வருது, அந்தக் கணக்குல எடை எங்கயுமே வரல. அறுக்கும்போது மரத்தடியில நிக்காதன்னு பெரியவங்க ஏன் கத்துறாங்கன்னு இப்ப தெரியும்.

யூனிட்டு சுலபம்: மணிக்கு 90 கிலோமீட்டர்னா 3.6-ஆல வகுத்து 25 மீட்டர் பர் செகண்ட். மோட்டார் ஓட்டுற பசங்க இதையும் போட்டுப் பாக்கணும், வேகம் ரெட்டிப்பானா, அதே பிரேக்குல நிக்கிற தூரம் நாலு மடங்கு.

லேப்ல டிக்கர் டேப் (வண்டியோட சேந்து நகர்ற, சீரான நேரத்துக்கு ஒரு புள்ளி விழுற காகித நாடா) வந்தா புள்ளிய எண்ணாதீங்க, எடைவெளிய எண்ணுங்க. 11 புள்ளின்னா 10 எடைவெளி, ஒண்ணுக்கு 0.02 செகண்ட், மொத்தம் 0.2. எடைவெளி எல்லாம் ஒரே அளவா இருந்தா வேகம் எவ்வளோ பெருசா இருந்தாலும் எக்ஸெலரேஷன் ஜீரோ, வரவர அகண்டுட்டே போனாலோ குறுகிட்டே போனாலோதான் எக்ஸெலரேஷன் இருக்கு.