கறுப்பு வெள்ளை பிரிண்ட்டுக்கு செபியா நிறம் ஏற்றுவது எப்படி?

டார்க்ரூமில் நீங்களே போட்ட ஒரு கறுப்பு வெள்ளை பிரிண்ட், இரண்டு மூன்று டிரே, கையுறை, காற்றோட்டமான இடம். இவை இருந்தால் செபியா டோனிங்கை, அதாவது படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றுவதை, தொடங்கிவிடலாம். இருட்டு தேவையில்லை, சாதாரண விளக்கு வெளிச்சமே போதும். செபியாவில் படம் கொஞ்சம் வெளிறும் என்பதால், பிரிண்ட்டை வழக்கத்தைவிடச் சற்று அடர்த்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழுவுதல். இதில் அவசரமே வேண்டாம். பேப்பரில் ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) மிச்சமிருந்தால் அது அடுத்து வரும் பிளீச்சோடு (படத்தை வெளுக்க வைக்கும் கரைசல்) சேர்ந்து படத்தின் வெள்ளியையே கரைத்துவிடும். வெளிர் பகுதியில் இருந்த நுணுக்கம் போனால் போனதுதான். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. பேப்பருக்கு ஓடும் தண்ணீரில் 5 நிமிடம், அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். காய்ந்த பிரிண்ட் என்றால் முதலில் ஊற வையுங்கள், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாக நிறம் ஏறும்.

இப்போது பிளீச். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, 10 கிராம் பொட்டாசியம் புரோமைடு. இதன் பக்கத்தில் அமிலம் எதுவும் வரவே கூடாது, நச்சு வாயு கிளம்பலாம்.

பிரிண்ட்டை உள்ளே விட்டு டிரேயை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். முதலில் வெளிர் சாம்பல் மறையும், அப்புறம் நடுச்சாயல், கடைசியில்தான் அடர் கறுப்பு. எந்தப் பகுதியில் பழுப்பு ஏறும் என்பது முடிவாவது இங்கேதான், அடுத்து வரும் டோனரில் (நிறம் ஏற்றும் கரைசல்) அல்ல. முழுக்க வெளுக்க விட்டால் படம் மொத்தமும் பழுப்பாகும். பாதியில் எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், வெளிச்சப் பகுதியில் மட்டும் பழுப்பு ஏறும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முகப் படங்களில் கண்ணின் கறுப்பு அப்படியே இருக்க, தோல் மட்டும் பழுப்பேறி வருவது தனி அழகு. பிளீச்சில் இன்னும் தண்ணீர் சேர்த்தால் வேகம் குறையும், சரியான இடத்தில் நிறுத்த வசதி. டோன் செய்யாத இன்னொரு பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

மஞ்சள் கறை போகும்வரை கழுவிவிட்டு டோனருக்கு மாற்றுங்கள். சோடியம் சல்ஃபைடு டோனர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அதன் வாயுவும் கெடுதல். புதியவர்களுக்குத் தயோயூரியா டோனரே நல்லது, ஆனால் கையுறை கட்டாயம். இதில் சேர்க்கும் காரக் கரைசலைக் கூட்டினால் அடர் பழுப்பு, குறைத்தால் மஞ்சள் சாயல். மறைந்த படம் சீக்கிரமே திரும்பி வரும். பயன்படுத்தாத பேப்பரை மட்டும் இந்த டோனர்களின் அருகில் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

கடைசியாக முன்போலவே கழுவிக் காய வையுங்கள். காய்ந்தால் சாயல் சற்று மாறும், ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம்.