வாய்க்கால் கரைக்கு ஃப்ரீபோர்டு எவ்வளவு வைப்பது?

வாய்க்காலில் முழு அளவு தண்ணீர் ஓடும்போது நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவே விடும் உயரம்தான் ஃப்ரீபோர்டு. "தண்ணீரே ஏறாத இடத்துக்கு எதற்கு மண் செலவு?" என்று எஸ்டிமேட்டில் முதலில் கை வைப்பது இதில்தான். வேலூர்ப் பக்கம் அப்படிக் கை வைக்கக்கூடாது என்பேன். பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குப் போகும் கால்வாய்களையே பாருங்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடந்து புதர் மண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அந்தப் புதரோடுதான் தண்ணீர் ஓடியாக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

படி 1: மாதிரிக்கு ஒரு மண் வாய்க்கால். அடி அகலம் 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர், பக்கச் சரிவு 1.5க்கு 1 (1.5 மீட்டர் கிடையாகப் போனால் 1 மீட்டர் ஏறும்), தரைச் சரிவு 2500க்கு 1. வாய்க்காலின் சொரசொரப்பு தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டுவது மானிங் எண்; சுத்தமான வாய்க்காலுக்கு அது 0.025. வேகம் நொடிக்கு 0.58 மீட்டர், ஓட்டம் நொடிக்குச் சுமார் 2 கன மீட்டர், அதாவது 70 கனஅடிக்குக் கொஞ்சம் மேலே.

படி 2: மண் கால்வாயில் ஓட்டம் 10 கன மீட்டருக்குள் என்றால் குறைந்தது 0.5 மீட்டர், அதற்கு மேல் 0.75 மீட்டர் என்கிறது இந்தியத் தரநிலை. நமக்கு 0.5. இது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

படி 3: ஆழத்தை 0.46ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அமெரிக்கப் பாசனத் துறையின் சூத்திரம் இது. பெரிய கால்வாய்க்கு அந்த எண் 0.76 வரை போகும். நமக்கு வருவது 0.68. நான் 0.70 வைப்பேன்.

படி 4: இதைத்தான் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. நெய்வேலிக் காட்டாமணக்கும் சம்பும் முளைத்தால் மானிங் எண் 0.035 ஆகிவிடும். அதே 2 கன மீட்டர் ஓட இப்போது 1.18 மீட்டர் ஆழம் வேண்டும். மழை கூடவில்லை, ஷட்டரை யாரும் தூக்கவில்லை, புல்லே 18 செ.மீ. தின்றுவிட்டது! 0.5 வைத்திருந்தால் மிச்சம் 32 செ.மீ.தான். அப்புறம் கடைமடைக்காரர் தண்ணீர் ஏறட்டும் என்று குறுக்கே மண்மூட்டை போடுவார். அதனால் ஏறும் மட்டமும் இந்த 32 செ.மீ.யிலிருந்துதான் போகும்.

படி 5: வளைவில் வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் ஏறும். 20 மீட்டர் ஆர வளைவிலும் நம் வாய்க்காலில் 1 செ.மீ.கூட வராது. விட்டுவிடலாம்.

படி 6: அடிமட்டத்திலிருந்து கரை உச்சி 1.70 மீட்டர். புது மண் அமுங்கும் என்பதால் 1.80க்குக் கட்டுங்கள்.

கட்டியபின் அளக்கும்போது கரையின் நல்ல பகுதியில் ஸ்டாஃபை (மட்டம் பார்க்கும் அளவுகோலை) நிறுத்தாதீர்கள். மாடு இறங்கி இறங்கித் தேய்ந்த தடம் எங்காவது இருக்கும். அங்கே வைத்துப் பாருங்கள். அந்த இடத்தின் உயரம்தான் மொத்தக் கரைக்கும் ஃப்ரீபோர்டு. மாடு இறங்க அங்கேயே ஒரு கல் சரிவு போட்டுக் கொடுப்பது, உடைந்த கரையை அடைப்பதைவிட மலிவு.