முள்ளங்கி உள்ளே பஞ்சாகாமல் இருக்க

காரைக்குடிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி போட்டவர்கள் அடிக்கடி சொல்வது இது: இலை தழதழவென்று இருந்தது, பிடுங்கினால் கிழங்கு விரல் தடிமன்தான், நறுக்கினால் உள்ளே பஞ்சு, கடித்தால் சுள்ளென்று காரம். விதையைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். முள்ளங்கி கடுகுக் குடும்பத்துச் செடி, வெயிலிலும் வறட்சியிலும் வளர்ச்சி நின்று நின்று போனால் அந்தக் கடுகு நெடி கிழங்கில் ஏறிவிடும்.

ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரைக்கும் விதைப்பது நல்லது. நம் செம்மண் மேலே சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும், அதனால் ஓர் அடி ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய ஆட்டு எரு கலந்து, பார் கட்டி விதையுங்கள். பச்சை எரு வேண்டாம், கிழங்கு கிளை பிரியும். பத்தாம் நாள் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு செடி நிற்கும்படி கலைத்துவிடுங்கள்.

தண்ணீர் விடுவதில்தான் கவனம் வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் மேல்மண் மட்டும்தான் நனையும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இல்லை என்றால் அடிவரை நனையும்படி விடுங்கள். மத்தியானம் இலை தொங்கி சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை, விடிகாலையிலும் தொங்கினால் உடனே தண்ணீர் காட்ட வேண்டும். வைக்கோல் மூடாக்கு போட்டால் ஈரம் இன்னும் ஓரிரு நாள் தாங்கும்.

போன மாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் தண்ணீர் விடவில்லை. வந்ததும் மனசு கேட்காமல் குடம் குடமாக ஊற்றினேன், மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக் கிழங்கு நெடுக வெடித்திருந்தது. காய்ந்த பாத்திக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று வேளையாகத்தான் விட வேண்டும்.

நாற்பது, ஐம்பது நாளில் பிடுங்கிவிடுங்கள். அதற்கு முன் வெளி இலை ஒன்றைக் கிழங்கின் தலைக்குச் சற்று மேலே, காம்போடு குறுக்கே நறுக்கிப் பாருங்கள். காம்பின் நடு வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தால் கிழங்கும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். பச்சையாக, ஈரமாக இருந்தால் சாம்பாருக்கு எடுக்கலாம்.

வெயிலில் சில செடி சட்டென்று தண்டு விட்டுப் பூத்துவிடும், அதில் இனிக் கிழங்கு தேறாது. பிடுங்கி எறியாதீர்கள், பூவுக்குப் பிறகு வரும் பிஞ்சுக் காய்களை நார் ஏறுமுன் பறித்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யுங்கள்.